குஞ்சுக்குப் புழு இல்லாத கோதுமை வயல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இங்கிலாந்தின் கோதுமை, பார்லி வயல்களில் வாழும் கிரே பார்ட்ரிட்ஜ் என்ற பறவையைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். 1967லிருந்து பார்த்தால் பிரிட்டனில் அதன் எண்ணிக்கை 90 சதவீதத்துக்கு மேல் சரிந்துவிட்டது, இன்று அங்கே அது அதிகக் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விவசாயிகள் எழுதியவை, நல்ல கேள்விகள். ஆகவே இந்த முறை பகுதி முழுக்க அந்தப் பறவைக்கே.

கேள்வி: சுட்டுத் தின்றே தீர்த்திருப்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்குப் பேர்போனவர்கள் ஆயிற்றே, இதில் ஆராய என்ன இருக்கிறது? (தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 1870 முதல் 1930 வரை பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பார்ட்ரிட்ஜ்களைச் சுட்டார்கள். அத்தனை சுட்டும், அடுத்த வசந்தத்தில் 10 லட்சம் ஜோடிக்குக் குறையாமல் முட்டையிட நின்றன. பெரிய பண்ணைகள் பலவற்றிலும் கேம்கீப்பர் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள், நரியையும் காக்கையையும் கீரி போன்ற சிறு பிராணிகளையும் பிடிப்பதும் கூடுகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வேலையாட்களும் குறைந்தார்கள், வேட்டையும் குறைந்தது. சுடுவதுதான் காரணம் என்றால் அப்போது பறவை பெருகியிருக்க வேண்டும் இல்லையா? அப்போதுதான் சரியத் தொடங்கியது.

1950களின் தொடக்கத்தில் வயல்களில் களைக்கொல்லி வந்தது. அதற்கு முன்னால் பொரித்த குஞ்சுகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, சராசரியாக 45 சதவீதம், ஆறு வாரம் தாண்டிப் பிழைத்துக்கொண்டிருந்தன. பிறகு அது 30 சதவீதத்துக்கும் கீழே போனது. பெரிய பறவை சாகவில்லை, முட்டையும் கெடவில்லை, பொரித்த இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள்தான் சத்தமில்லாமல் செத்தன. இதைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர். 1968-ல் சசெக்ஸ் மாவட்டத்தின் சுண்ணாம்பு மேடுகளில், சுமார் 62 சதுர கிலோமீட்டர் விளைநிலத்தில் பார்ட்ரிட்ஜை எண்ண ஆரம்பித்தார். பறவையை மட்டும் எண்ணினால் போதாது என்று கொஞ்ச நாளிலேயே தெரிந்ததால், 1970லிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் அதே வயல்களில் பூச்சி உறிஞ்சும் கருவியோடு போய், பயிருக்குள் என்னென்ன பூச்சி எத்தனை இருக்கிறது, என்ன களை முளைத்திருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டி அந்த வேலை இன்னும் நடக்கிறது. பாட்ஸ் 2017-ல் காலமானார். ஒரு வயல்வெளியின் பூச்சிக் கணக்கை இவ்வளவு காலம் விடாமல் எழுதிய இடங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு, அந்த உழைப்பை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

கேள்வி: களைக்கொல்லி களையைத்தானே கொல்லும்? குஞ்சு எப்படிச் சாகும்? நானும் மருந்து அடிக்கிறவன்தான், அதனால் கேட்கிறேன். (ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி)

நேராகக் கேட்டதற்கு நன்றி. மருந்து குஞ்சின் மேல் பட்டுக் குஞ்சு சாவதில்லை, பட்டினியில் சாகிறது.

முட்டையிலிருந்து வெளியே வரும் பார்ட்ரிட்ஜ் குஞ்சு பத்து கிராம்கூட இருக்காது. ஈரம் காய்ந்த சில மணி நேரத்தில் கூட்டைவிட்டு நடக்கத் தொடங்கிவிடும், தாய் தகப்பன் வாயில் ஊட்டுவதும் கிடையாது, வழிகாட்டுவதோடு சரி. இரையைத் தானே பொறுக்க வேண்டும். கோதுமைத் தாளுக்கு நடுவில், தன் தலைக்கு மேல் எட்டும் உயரத்தில், இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் புழுவை எம்பிக் கொத்த வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்கு அதற்குத் தானியம் உதவாது, புரதம் வேண்டும், அதாவது பூச்சி வேண்டும்: சாஃப்ளை என்ற பூச்சியின் புழுக்கள், அந்துப்பூச்சிப் புழுக்கள், இலைவண்டுகள், சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள், அப்புறம் கையில் எதுவும் கிடைக்காதபோது அசுவினி. இந்தப் பூச்சிகளில் பல கோதுமையைத் தின்று வாழ்கிறவை இல்லை, கோதுமைக்குள் முளைக்கும் களைகளைத் தின்று வாழ்கிறவை. நாட்கிராஸ் என்று தரையோடு படரும் ஒரு களை இருக்கிறது, அதன் இலையைப் பெரும்பாலும் நம்பி ஒரு சின்ன இலைவண்டு இருக்கிறது, பார்ட்ரிட்ஜ் குஞ்சுக்கு அது விருந்து. நம் ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்று கடைந்து சாப்பிடுகிறோமே, அதுவும் அங்கே கோதுமைக்குள் வரும் களைதான், அதிலும் பூச்சிகள் நிறைய அண்டும். அகன்ற இலைக் களைகள் எல்லாவற்றையும் ஒரே அடியில் கருக்கிவிட்டால் மேலே பார்க்கப் பயிர் அருமையாக இருக்கும், உள்ளே குஞ்சுக்கு ஒரு வாய் இரை இருக்காது. தேடித் தேடி ரொம்ப தூரம் நடக்கும், உடம்பு சூடு குறையும், ஜூன் மழையில் நனைந்தால் அன்றோடு முடிந்தது.

சாஃப்ளை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அந்தப் புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும். பழைய நாளில் பார்லியோடு சேர்த்துப் புல்லும் குளோவர் என்ற தீவனப்பயிரும் ஊடுவிதைப்பார்கள், பார்லியை அறுத்தபின் நிலத்தை உழாமல் மேய்ச்சலுக்கு விடுவார்கள், புழுவும் தப்பிக்கும். உழவுக் குதிரை போய் டிராக்டர் வந்து, கையோடு உழுது குளிர்காலக் கோதுமை விதைக்கும் வழக்கம் பரவியதும் அந்தச் சங்கிலி அறுந்தது. ஆக களைக்கொல்லி மட்டும் குற்றவாளி என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பிறகு பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டது.

உங்கள் மனதில் அடுத்த கேள்வி இருக்கும்: அப்படியானால் மருந்தே அடிக்காமல் விவசாயம் செய்யச் சொல்கிறாயா? இல்லை. 1980களில் இங்கிலாந்தில் செய்துபார்த்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. வயலின் வெளி ஓரத்தில் 6 மீட்டர் அகலத்துக்கு மட்டும் அகன்ற இலைக் களைக்கான மருந்தையும் கோடைப் பூச்சிமருந்தையும் நிறுத்துவது, உள்ளே வழக்கம்போல. ஓரத்தில் எப்படியும் விளைச்சல் கொஞ்சம் மட்டம்தான், வண்டி திரும்பித் திரும்பி மண் இறுகிக் கிடக்கும். பார்ட்ரிட்ஜும் குஞ்சுகளை அந்த ஓரத்தில்தான் மேய்க்கும், ஏனென்றால் கூடு பக்கத்து வேலியடியில் இருக்கும். அப்படி ஓரம் விட்ட வயல்களில் குஞ்சு பிழைப்பது தெளிவாகக் கூடியது. புல்வகைக் களைக்கு வேண்டுமானால் அதற்கென்று உள்ள மருந்தை ஓரத்திலும் அடித்துக்கொள்ளலாம், அதைத் தடுக்கவில்லை.

கேள்வி: பதினைந்து முட்டை போடும் என்று எழுதியிருந்தீர்கள். அத்தனை போட்டும் எப்படிக் குறையும்? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு பள்ளி மாணவி)

நல்ல கேள்வி கண்ணு. அத்தனை முட்டை போடுவதே நிறையச் சாகும் என்பதால்தான். பறவைகளிலேயே ஒரே ஈட்டில் இவ்வளவு முட்டையிடுவது மிக அபூர்வம், சில கூடுகளில் இருபதுக்கு மேலும் இருந்திருக்கிறது. தரையில், போன வருடத்துக் காய்ந்த புல்லுக்குள் சின்னக் குழியாகக் கூடு இருக்கும். பெட்டை தனியாக 25 நாள் போல அடைகாக்கும். அந்த நாட்களில் நரி கண்டுபிடித்தால் முட்டையும் போகும், தாயும் போகும். முட்டை போனால் இன்னொரு முறை இடலாம், ஆனால் இரண்டாவது ஈட்டில் எண்ணிக்கை குறைவு. தாய் போனால் அந்த வருடம் அந்த ஜோடிக்கு ஒன்றும் இல்லை. தப்பிப் பொரித்தாலும் புழு இல்லாத வயலில் பத்தில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். குளிர்காலத்தில் பருந்து, நரி, பட்டினி என்று அதிலும் கொஞ்சம் போகும். நீயே ஒரு தாளில் போட்டுப் பார், ஒரு ஜோடிக்கு அடுத்த வசந்தத்தில் இரண்டு பறவையாவது மிஞ்ச வேண்டும், அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு வருடமும் இறங்குமுகம்தான்.

ஒன்று சொல்ல மறந்தேன், சேவல் நல்ல தகப்பன். குஞ்சு பொரித்ததும் கூடவே இருந்து காவல் காக்கும், குளிரில் தானும் இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். குடும்பம் அப்படியே குளிர்காலம் முழுக்க ஒன்றாகத் திரியும், ஜனவரி பிப்ரவரியில்தான் பிரிந்து ஜோடி சேரும்.

கேள்வி: புதுச்சேரிப் பக்கம் நாங்கள் பார்க்கும் கௌதாரியும் இதுவும் ஒன்றுதானே? (வில்லியனூர் வாசகர்)

இல்லை. ஒரே பெருங்குடும்பம், மயில், காடை, காட்டுக்கோழி எல்லாமே அதில் வரும். ஆனால் நம் கௌதாரி வேறு இனம். அதன் அறிவியல் பெயரிலேயே உங்கள் ஊர் இருக்கிறது, 'பாண்டிசெரியானஸ்' என்று 18ஆம் நூற்றாண்டிலேயே வைத்துவிட்டார்கள். நம்முடையது உடம்பு முழுக்க மெல்லிய குறுக்குக் கோடு போட்டது, முள்ளுக்காட்டிலும் மானாவாரிக் காட்டிலும் விடியற்காலையில் ஊரே கேட்கக் கத்தும். அவர்களுடையது உருண்டையாக, கிட்டத்தட்ட 400 கிராம் எடையில், ஆரஞ்சு முகமும் சாம்பல் மார்பும், வயிற்றில் குதிரை லாடம் மாதிரி ஒரு செம்பழுப்புத் திட்டும் கொண்டது. குரல் துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல இருக்கும், அதுவும் பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகு.

கேள்வி: நான் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். கென்ட் பக்கம் போனபோது சாலையோரம் பத்துப் பன்னிரண்டு பார்ட்ரிட்ஜ் பார்த்தேனே, அழிகிறது என்கிறீர்கள்? (லண்டனிலிருந்து ஒரு வாசகி)

அம்மா, கால் சிவப்பாக இருந்ததா, முகத்தில் வெள்ளைப் பட்டையும் அதைச் சுற்றிக் கறுப்பு வளையமும் இருந்ததா? அப்படியென்றால் நீங்கள் பார்த்தது சிவப்புக்கால் பார்ட்ரிட்ஜ். அது பிரான்ஸ் பக்கத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டது. இன்று வேட்டைக்காகவே பண்ணையில் பொரிக்கவைத்து ஆண்டுதோறும் பல லட்சம் பறவைகளை வயலில் திறந்துவிடுகிறார்கள், பயப்படாது, சாலையில் ஓடும், கட்டைமேல் ஏறி நிற்கும். சாம்பல் நிறத்துப் பூர்வீகப் பறவை அப்படிக் கண்ணில் படாது, மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும், கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் சடசடவென்று எழுந்து தாழ்வாகப் பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

இந்தச் சிவப்புக்கால்கள்தான் அடுத்த தலைவலி. அவற்றை விரட்டிச் சுடும்போது நடுவில் சாம்பல் பார்ட்ரிட்ஜும் எழும்பினால், வேகமாகப் பறக்கும் உருவத்தைப் பார்த்துச் சுடுகிறவருக்கு வித்தியாசம் தெரிவதற்குள் விழுந்துவிடும். ஏற்கனவே ஒன்றிரண்டு கூட்டம்தான் மிச்சம் உள்ள இடத்தில் இது தாங்காது.

பார்க்க ஆசை என்றால் குளிர்காலத்தில் வடமேற்கு நார்ஃபோக் போங்கள், அல்லது சசெக்ஸில் ஆரண்டெல் ஊருக்கு வடக்கே உள்ள மேட்டுநிலப் பொதுப்பாதைகள். அரிதாள் நிற்கும் வயலாகப் பார்த்து, வேலியோரமாக நின்று பைனாகுலரில் மண்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நான் அங்கே அப்படி நின்றபோது கட்டி என்று நினைத்துத் தாண்டிப்போன ஒன்று தலையைத் தூக்கியது, அடுத்தது தூக்கியது, அப்புறம் பார்த்தால் வரப்பு ஓரம் நெடுக அதே உருவம், எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பாதையைவிட்டு இறங்காதீர்கள், கூடு காலடியில் இருக்கலாம்.

கேள்வி: பறவையைக் காப்பாற்ற நரியையும் காக்கையையும் கொல்கிறார்களாமே. இது என்ன பாதுகாப்பு? (பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை)

எனக்கும் இது வலிக்கிற விஷயம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் 1985 முதல் 1990 வரை ஒரு சோதனை நடந்தது. ஒரே மாதிரியான இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் கூடுகட்டும் பருவத்தை ஒட்டி நரி, காக்கை, மேக்பை என்ற காக்கை இனப் பறவை, ஸ்டோட் என்ற கீரி போன்ற பிராணி இவற்றைக் குறைத்தார்கள், மற்றதை அப்படியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பகுதிகளை மாற்றிக்கொண்டார்கள், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அந்த நிலமே நல்ல நிலம் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டிலும் அதே முடிவு. கொன்றுண்ணிகளைக் குறைத்த இடத்தில் மூன்று ஆண்டில் இனப்பெருக்க ஜோடிகள் 2.6 மடங்கு ஆயின.

ஆக வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. செய்யலாமா என்பதுதான் நீங்கள் கேட்பது. என் பதில் இப்படி: நரி புதிதாக வரவில்லை, அது அங்கே எப்போதும் இருந்தது. புதர் அடர்ந்த உயிர்வேலியும் காய்ந்த புல்லும் எங்கும் இருந்த நிலத்தில் நரிக்குக் கூடு கண்டுபிடிப்பது சிரமம். போருக்குப் பிறகு பிரிட்டன் தன் உயிர்வேலிகளில் கிட்டத்தட்டப் பாதியைப் பிடுங்கிவிட்டது, வயல்களை ஒன்றாக்கிப் பெரிய இயந்திரம் ஓட்ட. மிச்சமிருக்கும் இரண்டு மீட்டர் புல் ஓரத்தில்தான் எல்லாப் பறவையும் கூடு கட்ட வேண்டும் என்றால், நரி அந்த ஒரு வரியில் நடந்து போனாலே போதும். ஆகவே முதலில் மறைவிடத்தைப் பெருக்க வேண்டும், அதைச் செய்யாமல் கண்ணி மட்டும் வைக்கிறவர்களை நான் ஏற்கமாட்டேன். ஆனால் ஒரு மாவட்டத்தில் ஐந்து ஜோடி மிச்சம் இருக்கும்போது, வேலி வளர்ந்து அடர்வதற்குப் பத்து ஆண்டு ஆகும் என்னும்போது, அந்த வசந்தத்தில் மட்டும் நரியைக் குறைப்பதை நான் எதிர்க்கமாட்டேன். ஜெர்மனியில் கோட்டிங்கன் பக்கம் வேறு வழி பார்த்திருக்கிறார்கள், அதைக் கீழே இன்னொரு பதிலில் சொல்கிறேன், உங்களுக்கு அது பிடிக்கும்.

கேள்வி: கோழிப்பண்ணை மாதிரிப் பொரிக்கவைத்து ஆயிரக்கணக்கில் விட்டுவிட்டால் வேலை முடிந்ததே? (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

முடியாது தம்பி. செய்துபார்த்துவிட்டார்கள். இன்குபேட்டரில் பொரித்து, தாயைப் பார்க்காமல் வளர்ந்த பறவைக்கு மேலே பருந்து நிழல் விழுந்தால் படுக்கத் தெரியாது, கூட்டில் எப்படி மறைவது என்று தெரியாது. பெரும்பாலானவை அடுத்த வசந்தத்தைப் பார்ப்பதில்லை. மீதி வழி ஒன்று இருக்கிறது: முட்டையோ குஞ்சோ இழந்து வெறுமனே திரியும் காட்டு ஜோடியிடம், வளர்த்த குஞ்சுகளைக் கோடை முடிவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஜோடி ஏற்றுக்கொள்ளும், குஞ்சுகள் அவற்றின் பின்னாலேயே நடந்து பிழைக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் இரையும் மறைவும் இல்லாத நிலத்தில் இதுவும் வீண்.

கேள்வி: எங்காவது மீண்டிருக்கிறதா, அல்லது எல்லாம் சோகக் கதைதானா? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

மீண்டிருக்கிறது, அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

முதலில் சசெக்ஸ். ஆரண்டெல் ஊரை ஒட்டிய நார்ஃபோக் டியூக் என்ற பிரபுவின் பெப்பரிங் பண்ணையில், பாட்ஸ் ஆண்டாண்டாக எண்ணிவந்த அதே மேடுகளில், 2003-ல் மூன்று ஜோடிதான் மிச்சம். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஒன்றும் இருக்காது என்ற நிலை. டியூக் அதைக் கேட்டு, பெரிய வயல்களைத் துண்டாக்கிப் புதிய உயிர்வேலி வைத்தார், ஓரங்களை மருந்தில்லாமல் விட்டார், கேம்கீப்பர்களை நியமித்தார், குளிர்காலத் தீவனம் வைத்தார். சில ஆண்டுகளில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கான ஜோடிக்கு ஏறியது. கூடவே வானம்பாடியும் ஆள்காட்டி வகையும் கார்ன் பன்டிங் என்ற சிறு பறவையும் பெருகின, யாரும் அவற்றுக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. பணக்காரப் பண்ணை, அவரால் முடிந்தது என்று சொல்வீர்கள். உண்மைதான், அந்த அளவு செலவு சாதாரண விவசாயியால் ஆகாது.

அதனால்தான் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ராய்ஸ்டன் பக்கம் நடந்ததை முக்கியமாக நினைக்கிறேன். அது டியூக் நிலம் இல்லை, பல விவசாயிகளின் சாதாரணத் தானிய நிலம், சுமார் 1,000 ஹெக்டேர். வேட்டைப் பறவைகளையும் வனவுயிர்களையும் ஆராயும் ஜி.டபிள்யூ.சி.டி. என்ற அறக்கட்டளை 2002-ல் அங்கே வேலை தொடங்கியது. 2007க்குள் வசந்தகால ஜோடிகள் கிட்டத்தட்ட ஆறு மடங்கு ஆயின. மூன்று வேலைகளைத்தான் செய்தார்கள்: கூட்டுக்குப் புல், குஞ்சுக்குப் பூச்சி, கொன்றுண்ணிக் கட்டுப்பாடு. இவற்றோடு குளிர்காலம் முழுக்க வேலியோரம் கோதுமை போட்ட தீவன டிரம்கள்.

அங்கெல்லாம் நீங்கள் பார்க்கக்கூடிய ஒரு சங்கதி வண்டுவரப்பு. பெரிய வயலின் நடுவே இரண்டு பக்கமிருந்தும் மண்ணை ஏர் தள்ளி, இரண்டு மீட்டர் அகலத்தில் முழங்கால் உயரத்துக்குக் குறைவாக ஒரு மேடு போட்டு, கொத்துக்கொத்தாக வளரும் புல்லை விதைத்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் இடைவெளி விடுவார்கள், டிராக்டர் சுற்றி வர. 1980களின் முடிவில் அதே அறக்கட்டளை சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து உருவாக்கியது. புல்லின் அடியில் ஒரு கைப்பிடி விலக்கிப் பார்த்தால் குளிர்காலத்தில் தரைவண்டுகளும் சிலந்திகளும் நெருக்கியடித்துக்கொண்டு ஒதுங்கியிருக்கும். வசந்தத்தில் அவை பயிருக்குள் இறங்கி அசுவினியைத் தின்னும், பார்ட்ரிட்ஜ் அந்தப் புல்லில் கூடு வைக்கும். விவசாயிக்கும் லாபம் என்பதால்தான் இது பரவியது.

இப்போது கோட்டிங்கன். அங்கே 2004லிருந்து அகலமான பூச்செடித் தொகுப்புகளை வயல் நடுவே விதைக்கிறார்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் பாதியை மட்டும் ஆண்டுதோறும் உழுது புதிதாக விதைப்பார்கள், மறுபாதி போன வருடத்துக் காய்ந்த தண்டோடு அப்படியே நிற்கும். பழைய பாதியில் கூடு, புதிய பாதியில் குஞ்சுக்கு இரை, நடுவில் இரண்டடி நடந்தால் போதும். துண்டு குறுகலாக இல்லாமல் அகலமாக இருப்பதால் நரி எளிதில் கண்டுபிடிப்பதில்லை. பாளையங்கோட்டை டீச்சருக்குச் சொல்கிறேன் என்றது இதைத்தான்: நிலத்தைச் சரியாக வடிவமைத்தால் துப்பாக்கியின் தேவை குறைகிறது. பிறகு 2016லிருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி என்று பத்து இடங்களில் இந்த முறையை விவசாயிகளோடு சேர்ந்து செய்துபார்த்தார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றையும் மறைக்கக் கூடாது. இவை தீவுகள். நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் 2016 மதிப்பீட்டில் பிரிட்டனில் 37,000 ஜோடிதான்.

கேள்வி: அரசாங்கம் பணம் கொடுக்கிறதா? கொடுக்காமல் எந்த விவசாயி ஓரத்தை விடுவான்? (தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி)

சரியாகக் கேட்டீர்கள், விடமாட்டான், விடச் சொல்வதும் நியாயம் இல்லை. 1988-ல் ஐரோப்பா முழுக்கத் தானியம் மலையாகக் குவிந்தபோது நிலத்தில் ஒரு பங்கைத் தரிசாக விடப் பணம் கொடுத்தார்கள். விளைச்சலைக் குறைக்கத்தான் கொடுத்தார்கள், பறவைக்காக இல்லை, ஆனால் அரிதாளும் களையும் நின்றதில் பறவைகளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. 2008 வாக்கில் தானிய விலை ஏறியதும் அந்தத் தரிசு ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள், நிலம் மறுபடி உழவுக்குப் போனது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் பூவோரம், பறவைத் தீவனப்பயிர், மருந்தில்லா ஓரம் இவற்றுக்கு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. நிறையப் பேர் சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் நிதி தீர்ந்தது என்று சொல்லி ஒரே நாளில் புது விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார்கள். கூடுகட்டும் புல் முதிர இரண்டு மூன்று வருடம் ஆகும், வேலி அடர அதைவிட ஆகும். பணம் நாளைக்கு வருமா என்று தெரியாத விவசாயி அதில் எப்படி இறங்குவார்? இதில் எனக்குக் கோபம்தான்.

கேள்வி: நம் பக்கம் நாங்கள் என்ன செய்யலாம்? (மூலனூரிலிருந்து ஒரு வாசகர்)

அவர்கள் பணம் செலவழித்து உண்டாக்குவது உங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஏற்கனவே இருக்கிறது, அதைப் பிடுங்காமல் இருங்கள் என்பதே முதல் வேண்டுகோள். கிளுவை வேலியின் அடியில் காய்ந்த கொழுக்கட்டைப் புல், கரையான், வண்டு, முள்மறைவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது, அதனால்தான் காங்கயம், தாராபுரம் பக்கம் காலையில் கௌதாரிக் குரல் கேட்கிறது. வேலியை எடுத்துக் கம்பி போட்டால் அந்த அடிப்பகுதி போய்விடும். வரப்புப் புல்லுக்குக் களைமருந்து அடிப்பதையும், கோடையில் வேலியோரம் தீ வைப்பதையும் விடலாம், செலவில்லாத வேலை. கண்ணி வைத்தோ, பழக்கிய கௌதாரியைப் பார்வையாகக் கட்டியோ பிடிப்பது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் கௌதாரி விற்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு குறைந்த பிறகும் அங்கே பார்ட்ரிட்ஜ் சுட அனுமதி இருக்கிறதா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

இருக்கிறது. செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. கேட்கக் கசப்பாக இருந்தாலும் இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிச்சமிருக்கும் நல்ல கூட்டங்களில் பெரும்பகுதி வேட்டை ஆர்வம் உள்ளவர்களின் பண்ணையில்தான் இருக்கிறது. புல் ஓரத்துக்கும் தீவனத்துக்கும் கைக்காசு போட்டவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் வாக்கிலும் அறுவடை முடிந்த இலையுதிர் காலத்திலும், விடியலிலும் அந்தியிலும் வயலைச் சுற்றிவந்து சேவல், பெட்டை, குஞ்சு என்று பிரித்து எண்ணி ஜி.டபிள்யூ.சி.டி.க்கு அனுப்புகிறவர்களிலும் அவர்களே அதிகம். அந்த அமைப்பின் ஆலோசனைப்படி இலையுதிர்காலக் கணக்கில் 100 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 250 ஏக்கருக்கு, 20 பறவைக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆண்டு ஒன்றைக்கூடச் சுடக் கூடாது. சிவப்புக்கால் வேட்டை நாளில் சாம்பல் கூட்டம் எழும்பினால் விரட்டுகிறவர் விசில் ஊதிச் சுடுகிறவர்களை எச்சரிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் இது ஆலோசனை மட்டும்தான், மீறினால் தண்டனை கிடையாது. 20 என்ற எல்லையைச் சட்டத்தில் எழுத வேண்டும், இலையுதிர்காலக் கணக்கைக் கொடுக்காத பண்ணைக்குச் சாம்பல் பார்ட்ரிட்ஜ் சுடும் அனுமதியே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒழுங்காக எண்ணிவருகிற பண்ணைகளுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை.